‘ட்ரையல்ல சேர்றீங்களா?’ என்று மருத்துவமனையில் கேட்டால்: நோயாளிகளுக்கான முழு வழிகாட்டி

ஓ.பி. அறையில் பேச்சு பெரும்பாலும் இப்படித்தான் தொடங்கும்: “புதுசா ஒரு மருந்து வந்திருக்கு. ஃப்ரீயாவே கிடைக்கும். ட்ரையல்ல சேர்த்துடலாமா?” நல்லெண்ணத்தில் சொல்வதுதான். ஆனால் அந்த மூன்று வாக்கியத்திலும் மூன்று சிக்கல் இருக்கிறது. மருந்து இன்னும் ‘வந்துவிடவில்லை’. வேலை செய்கிறதா என்று பார்க்கத்தான் ட்ரையலே நடக்கிறது. சேர்ந்தால் அந்த மருந்துதான் உங்களுக்குக் கிடைக்கும் என்று யாரும் உறுதி தர முடியாது. இலவசம் என்பதும் எல்லாச் செலவுக்கும் பொருந்தாது.

இந்த மூன்றையும் தெரிந்துகொண்டு சேர்வது ஒன்று, தெரியாமல் சேர்வது வேறு. இந்தியாவில் மருந்து ஆய்வுகளை இப்போது கட்டுப்படுத்துவது 2019 மார்ச்சில் அறிவிக்கப்பட்ட ‘புதிய மருந்துகள் மற்றும் மருத்துவ ஆய்வுகள் விதிகள்’. கீழே சொல்லியிருக்கும் உரிமைகளும் கெடுக்களும் அதை ஒட்டியவை.

சிகிச்சை வேறு, ட்ரையல் வேறு

வழக்கமான சிகிச்சையில் டாக்டர் உங்களைப் பார்த்து டோஸைக் கூட்டுவார், குறைப்பார், ஒத்துவரவில்லை என்றால் மருந்தையே மாற்றுவார். ட்ரையலில் அந்தச் சுதந்திரம் அவருக்குக் குறைவு. எத்தனை மில்லிகிராம், எந்த நாளில் எந்த டெஸ்ட், எந்த நிலையில் மருந்தை நிறுத்துவது என்று எல்லாமே ‘புரோட்டோகால்’ எனப்படும் ஆய்வுத் திட்டத்தில் முன்கூட்டியே எழுதியாகிவிட்டது. ஒரு கேள்விக்கு விடை காண்பதற்காக அமைத்த ஏற்பாடு அது. உங்களுக்குக் குணமானால் எல்லோருக்கும் சந்தோஷம்தான். ஆனால் அந்த ஏற்பாடு உங்கள் ஒருவருக்காகத் தைத்த சட்டை அல்ல.

அதற்காக, ‘நம்மை எலி மாதிரி வைத்துப் பார்க்கிறார்கள்’ என்று பயப்படுவதும் சரியில்லை. 1950களில் காசநோய் வந்தால் சானடோரியத்தில் மாதக்கணக்கில் படுக்க வேண்டும், ஓய்வும் ஊட்டச் சாப்பாடும்தான் குணப்படுத்தும் என்று நம்பினார்கள். 1956இல் சென்னையில் தொடங்கிய ஆய்வில் நோயாளிகளைக் குலுக்கல் முறையில் இரண்டு பிரிவாக்கி, ஒரு பிரிவுக்கு சானடோரியத்திலும் மறு பிரிவுக்கு வீட்டிலும் ஒரே மருந்துகளை ஓராண்டு கொடுத்தார்கள். நெருக்கடியான வீடு, பற்றாக்குறைச் சாப்பாடு எல்லாம் இருந்தும், வீட்டில் இருந்தவர்களும் ஏறக்குறைய அதே அளவுக்குக் குணமானார்கள். கூட இருந்த குடும்பத்தாருக்குத் தொற்று கூடவும் இல்லை. 1959இல் முடிவு வெளியானது; உலகம் முழுக்க சானடோரியங்களின் காலம் முடிய அது ஒரு முக்கியக் காரணம். அன்றைய அந்த மையம்தான் இன்று சேத்துப்பட்டில் இருக்கும் தேசிய காசநோய் ஆராய்ச்சி நிறுவனம். இன்றைக்குக் காசநோயாளி மாத்திரையை வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போகிறார் என்றால், அதன் பின்னால் ட்ரையலில் சேர்ந்த சென்னை நோயாளிகள் இருக்கிறார்கள்.

ட்ரையல் என்றால் மாத்திரை, ஊசி மட்டும்தான் என்பதும் இல்லை. அறுவை சிகிச்சை, கருவி, உடற்பயிற்சி, உணவு எதையும் சோதிக்கலாம். அதே நிறுவனம் 2019 முதல் 2022 வரை ஜார்க்கண்டில் நடத்திய ஆய்வில் சோதித்தது ரேஷன் பொருள்: காசநோயாளியின் குடும்பத்தாருக்குக் கூடுதல் உணவு கொடுத்த பகுதிகளில், அவர்களுக்குப் புதிதாகக் காசநோய் வருவது 39 சதவீதம் குறைந்தது.

படி 1: எந்தக் கட்டம் என்று முதலில் கேளுங்கள்

ஒரே கேள்வி, பாதி விஷயம் தெரிந்துவிடும்.

முதல் கட்டத்தில் பார்ப்பது பாதுகாப்பை: எவ்வளவு டோஸ் உடம்பு தாங்கும்? பொதுவாக 20 முதல் 80 பேர் வரை இருப்பார்கள், பெரும்பாலும் ஆரோக்கியமானவர்கள். புற்றுநோய் மருந்துகளில் மட்டும் நோயாளிகளையே சேர்ப்பது வழக்கம். நோய் குணமாகும் வாய்ப்பு இந்தக் கட்டத்தில் மிகக் குறைவு என்பதை ஒளிவுமறைவில்லாமல் சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் நீங்களே கேளுங்கள். 2006இல் லண்டனில் டிஜிஎன்1412 என்ற மருந்தை ஆரோக்கியமான ஆறு பேருக்கு அடுத்தடுத்துச் செலுத்தினார்கள். சில மணி நேரத்தில் ஆறு பேருக்குமே உடல் உறுப்புகள் செயலிழக்கத் தொடங்கின. எல்லோரும் உயிர் பிழைத்தார்கள். அதன்பிறகு, மனிதருக்கு முதன்முதலாகக் கொடுக்கும் மருந்தை ஒருவருக்குக் கொடுத்து, இடைவெளி விட்டுப் பார்த்துவிட்டுத்தான் அடுத்தவருக்குக் கொடுப்பது என்ற நடைமுறை இறுகியது. முதல் கட்டத்தில் உங்களைக் கேட்டால், ‘எனக்கு முன்னால் எத்தனை பேருக்குக் கொடுத்திருக்கிறீர்கள், கடைசியாகக் கொடுத்தவர் எப்படி இருக்கிறார்’ என்று கேட்பது அதிகப்பிரசங்கித்தனம் ஆகாது.

இரண்டாம் கட்டம் சில நூறு நோயாளிகளிடம். மருந்து வேலை செய்வதற்கு அறிகுறி உண்டா என்று பார்ப்பது. மூன்றாம் கட்டம் பல நூறு முதல் பல ஆயிரம் பேர் வரை. இப்போதிருக்கும் சிகிச்சையோடு நேருக்கு நேர் ஒப்பீடு. தமிழ்நாட்டுப் பெரிய மருத்துவமனைகளில் உங்களைக் கேட்பது அநேகமாக இதற்காகத்தான் இருக்கும். நான்காம் கட்டம் மருந்து கடைக்கு வந்தபிறகு நடப்பது.

படி 2: குலுக்கலையும் ‘டம்மி’ மாத்திரையையும் புரிந்துகொள்ளுங்கள்

எந்தப் பிரிவில் யார் என்பதை டாக்டர் தீர்மானிப்பதில்லை, கம்ப்யூட்டர் தீர்மானிக்கிறது. டாக்டரிடம் விட்டால், தேறக்கூடியவர்களாகப் பார்த்துப் புது மருந்துக்கு அனுப்பிவிடுவார், தன்னையறியாமலே. பிறகு மருந்து ஜெயித்ததா, நோயாளிகளின் உடல்வாகு ஜெயித்ததா என்று பிரித்துச் சொல்ல முடியாது. பிரிவு 1:1 என்றால் புது மருந்து கிடைக்கப் பாதிக்குப் பாதி வாய்ப்பு. 2:1 என்றால் மூவரில் இருவருக்கு. தெரிந்த டாக்டர், சிபாரிசு எதுவும் இங்கே செல்லாது. ‘நான் பார்த்து உங்களுக்குப் புது மருந்தே வாங்கித் தருகிறேன்’ என்று ஒருவர் சொன்னால் அவருக்கு ட்ரையல் தெரியவில்லை, அல்லது உங்களிடம் உண்மை பேசவில்லை.

நீங்களும் அறியாமல், டாக்டரும் அறியாமல் நடத்துவது இரட்டை மறைவு. அவசரம் என்றால் ரகசியக் குறியீட்டை உடைத்து நீங்கள் எடுத்தது என்ன என்று உடனே பார்க்கும் வழி எப்போதும் இருக்கும். அதற்கு யாரை அழைப்பது என்பது உங்கள் கையில் இருக்க வேண்டிய தகவல்.

மருந்துப்போலி, அதாவது பார்க்க மருந்து போலவே இருக்கும் வெறும் மாத்திரை, என்றதும் பலர் பின்வாங்கிவிடுகிறார்கள். உயிருக்கு ஆபத்தான நோய்களில், நிரூபணமான சிகிச்சை இருக்கும்போது அதை மறுத்துவிட்டு வெறும் மாத்திரை கொடுப்பது நெறிமுறைக்கு ஏற்றதல்ல. இரண்டு பிரிவுக்கும் வழக்கமான சிகிச்சை போகும்; அதன்மேல் ஒரு பிரிவுக்குப் புது மருந்து, மறு பிரிவுக்குப் போலி. ஆகவே ‘போலி கொடுப்பீர்களா’ என்று கேட்பதைவிட, ‘போலி கிடைத்தால் அதோடு கூட எனக்கு என்ன சிகிச்சை ஓடும்’ என்று கேளுங்கள். இன்னொன்றும் உண்டு: புது மருந்து கிடைப்பது எப்போதும் அதிர்ஷ்டம் என்பதில்லை. மாரடைப்புக்குப் பிறகு வரும் ஒழுங்கற்ற இதயத்துடிப்பை அடக்க எங்கைனைடு, ஃப்ளெகைனைடு என்ற மருந்துகளை டாக்டர்கள் நம்பிக் கொடுத்துவந்தார்கள். துடிப்பு சீரானது உண்மைதான். ஆனால் ‘காஸ்ட்’ என்ற அமெரிக்க ஆய்வில் போலி மாத்திரை எடுத்தவர்களைவிட மருந்து எடுத்தவர்கள் அதிகம் இறந்தார்கள். 1989இல் அந்த மருந்துகளின் பிரிவை நடுவிலேயே நிறுத்தினார்கள். அப்படி நிறுத்தச் சொல்வதற்கென்றே பெரிய ட்ரையல்களில் தனியான கண்காணிப்புக் குழு ஒன்று இருக்கும். இருக்கிறதா என்று கேட்டுவையுங்கள்.

படி 3: உண்மையான ட்ரையலா என்று சரிபாருங்கள்

இதற்குப் பத்து நிமிடம் போதும், செல்போன் போதும். ‘சிடிஆர்ஐ’ என்பது இந்தியாவின் மருத்துவ ஆய்வுப் பதிவேடு. 2007 ஜூலையில் தொடங்கியது. 2009 ஜூன் 15 முதல் பதிவு கட்டாயம். யார் வேண்டுமானாலும் இலவசமாகப் பார்க்கலாம். ஆய்வின் அன்றாட வேலைகளைக் கவனிக்கும் ஒருங்கிணைப்பாளரிடம் பதிவு எண்ணைக் கேளுங்கள். ‘சிடிஆர்ஐ’ என்ற எழுத்துகளுக்குப் பிறகு ஆண்டு, மாதம், அப்புறம் ஒரு நீண்ட எண் என்று சாய்கோடு போட்டு இருக்கும். தளத்தில் அதைத் தேடினால் வரும் பக்கத்தில் நான்கு இடங்களைப் பாருங்கள்.

ஒன்று, ஆய்வு நடக்கும் இடங்களின் பட்டியல்: நீங்கள் இருக்கும் மருத்துவமனையும் உங்கள் டாக்டரின் பெயரும் அதில் இருக்கிறதா? இரண்டு, நோயாளிகளின் பாதுகாப்பையும் உரிமையையும் பார்க்கும் நெறிமுறைக் குழு அந்த மருத்துவமனைக்குத் தந்த ஒப்புதல்: ‘ஒப்புதல் கிடைத்தது’ என்று இருக்க வேண்டும். மூன்று, டிசிஜிஐ எனப்படும் தலைமை மருந்துக் கட்டுப்பாட்டாளரின் அனுமதி. நான்கு, பதிவு செய்த தேதியும் முதல் நோயாளியைச் சேர்த்த தேதியும்: பதிவு முந்தியதாக இருக்க வேண்டும். 2018 ஏப்ரல் முதல் நோயாளிகளைச் சேர்ப்பதற்கு முன்பே பதிவது கட்டாயமாகிவிட்டது.

டிசிஜிஐ அனுமதி என்ற இடத்தில் ‘பொருந்தாது’ என்று இருந்தால் பதறிவிட வேண்டாம். ஏற்கெனவே அங்கீகாரம் பெற்ற மருந்தை வேறு நோய்க்கோ வேறு டோஸிலோ கல்வி நோக்கத்தில் மருத்துவமனையே சோதிக்கும் ஆய்வுகளுக்கு நெறிமுறைக் குழு ஒப்புதல் போதும். அவை ஐசிஎம்ஆர் எனப்படும் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் வழிகாட்டு நெறிகளின்படி நடக்கும். ஆனால் இங்கே ஒரு கேள்வி கூடுதலாகக் கேட்க வேண்டும்: கம்பெனி பின்னால் இல்லையே, ஏதாவது ஆனால் செலவை யார் ஏற்பார்கள்?

நெறிமுறைக் குழுவில் குறைந்தது ஏழு பேர் இருக்க வேண்டும். அவர்களில் ஒரு சட்டம் படித்தவர், ஒரு பொதுஜனம், குறைந்தது ஒரு பெண். பாதிப் பேர் அந்த மருத்துவமனைக்கு வெளியே இருந்து வர வேண்டும், தலைவரும் வெளியாள்தான். டாக்டரைப் பற்றியே புகார் என்றால் நீங்கள் போக வேண்டிய இடம் இது. உறுப்பினர் செயலரின் தொலைபேசி எண் உங்கள் படிவத்தில் இல்லையென்றால் அந்தப் படிவமே குறையுள்ளது.

‘ட்ரையல், ஆனால் இரண்டு லட்சம் கட்டணும்’ என்ற பேச்சு வந்தால் எழுந்து வந்துவிடுங்கள். சோதிக்கப்படும் மருந்துக்கு நோயாளியிடம் காசு வாங்குவது ட்ரையல் அல்ல, வியாபாரம். ஸ்டெம் செல் என்ற பெயரில் இது அதிகம் நடக்கிறது. இரத்த நோய்களுக்கான எலும்பு மஜ்ஜை மாற்று சிகிச்சை போன்றவை நிரூபணமானவை. ஆட்டிசம், மூட்டுவலி, முதுகுத்தண்டுக் காயம் என்று சொல்லிப் பணம் கேட்பது வேறு கதை.

படி 4: தகவல் படிவத்தை வீட்டுக்கு எடுத்துப்போங்கள்

இதுதான் எல்லாப் படிகளிலும் முக்கியமானது. இங்கேதான் அவசரமும் அதிகம். பதினைந்து, இருபது பக்கப் படிவத்தை ஓ.பி. வரிசையில் நின்றபடி படித்துக் கையெழுத்திட யாராலும் முடியாது. வீட்டுக்குக் கொண்டுபோய்ப் படித்து, குடும்ப டாக்டரிடமும் காட்டிவிட்டு வருகிறேன் என்று சொல்லுங்கள். மாரடைப்பு, பக்கவாதம் போன்ற அவசர ஆய்வுகள் தவிர, இதற்கு மறுப்பு வந்தால் அந்த இடத்தின் தரம் உங்களுக்குத் தெரிந்துவிட்டது.

தமிழ்ப் படிவத்தைத்தான் கேளுங்கள். ஆனால் எச்சரிக்கை: பல படிவங்கள் ஆங்கிலத்திலிருந்து சொல்லுக்குச் சொல் பெயர்த்தவை. ஆய்வுக்குப் பணம் போடும் ஸ்பான்சரை ‘விளம்பரதாரர்’ என்று போட்டிருப்பதும் உண்டு. டிவி நிகழ்ச்சி நினைவுக்கு வரும். வேறு வழியில்லை, அது மருந்துக் கம்பெனி என்று படித்துக்கொள்ளுங்கள். ‘ஆய்வாளர்’ என்பது உங்கள் டாக்டர். ‘சீரற்ற ஒதுக்கீடு’ என்பது குலுக்கல். ‘கடுமையான பாதக நிகழ்வு’ என்றால் மரணம், உயிருக்கு ஆபத்து, மருத்துவமனையில் சேர வேண்டிய நிலை, நிரந்தர ஊனம், பிறக்கும் குழந்தைக்குக் குறை ஆகியவற்றில் ஏதாவது ஒன்று. மருந்துக்குச் சம்பந்தமே இல்லாமல் பைக்கில் விழுந்து அட்மிட் ஆனாலும் இந்தக் கணக்கில் வரும்.

முதல் பக்கத்திலிருந்து படிக்கத் தொடங்கினால் மூன்றாம் பக்கத்தில் சலித்துவிடும். பாதுகாப்புப் பகுதியிலிருந்து தொடங்குங்கள். பக்கவிளைவுப் பட்டியலில் ‘மிகப் பொதுவானது’ என்றால் பத்தில் ஒருவருக்கோ அதற்கு மேலோ வருவது. ‘பொதுவானது’ என்றால் நூற்றில் ஒருவர் முதல் பத்தில் ஒருவர் வரை. இதுவரை எத்தனை பேர் எடுத்திருக்கிறார்கள் என்ற எண்ணோடு சேர்த்துப் படியுங்கள். ஐம்பது பேர் மட்டுமே எடுத்த மருந்தில் ஆயிரத்தில் ஒருவருக்கு வரும் ஆபத்து இன்னும் தலைகாட்டியே இருக்காது.

அடுத்து, ‘மாற்று சிகிச்சைகள்’ என்ற பத்தி. ட்ரையலில் சேராவிட்டால் உங்களுக்கு என்ன கிடைக்கும் என்று அங்கே எழுதியிருக்க வேண்டும். ஒரு வரியில் முடித்திருந்தால் டாக்டரிடம் விரிவாகக் கேளுங்கள். இந்த ஒப்பீடு இல்லாமல் முடிவெடுக்க முடியாது.

மூன்றாவதாக ‘வாஷ் அவுட்’. இப்போது எடுக்கும் மருந்தை இரண்டு, நான்கு வாரம் நிறுத்திவிட்டுத்தான் ஆய்வு மருந்தைத் தொடங்குவோம் என்று சில ட்ரையல்களில் இருக்கும். சர்க்கரை, ரத்த அழுத்தம், ஆஸ்துமா, மனநல மருந்துகளில் இது விளையாட்டல்ல. நிறுத்திய காலத்தில் எந்த அளவைத் தாண்டினால் யாரை அழைப்பது, நிலைமையைச் சமாளிக்க என்ன மீட்பு மருந்து தருவார்கள் என்பதை எண்ணாகவே கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்.

பிறகு வருகை அட்டவணை. எத்தனை முறை வர வேண்டும், எத்தனை முறை வெறும் வயிற்றில், எந்த நாளில் முழுநாள் உட்கார வேண்டும்? ரத்தத்தில் மருந்தின் அளவைப் பார்க்கும் நாளில் கையில் ஊசிக்குழாயைப் போட்டுவைத்து மணிக்கணக்கில் பல முறை எடுப்பார்கள். ஒரு குழாய் 3 முதல் 5 மில்லி, டீஸ்பூன் அளவு. மொத்தம் எவ்வளவு என்று படிவத்தில் இருக்கும். 150 மில்லி என்று பார்த்து மிரள வேண்டாம். ரத்ததானத்தில் ஒரே நேரத்தில் 350 மில்லி எடுக்கிறார்கள். உங்களுக்கு ஹீமோகுளோபின் குறைவு என்றால் மட்டும் தனியாகப் பேசுங்கள். வேலூருக்கு ஆறு மணி நேரம் பஸ்ஸில் வருகிறவருக்கு மருந்தைவிட இந்த அட்டவணைதான் ட்ரையலை முறிக்கும்.

படி 5: கையெழுத்து

நோயாளி பெரியவர், சுயநினைவோடு இருக்கிறார் என்றால் கையெழுத்து அவருடையதுதான். ‘அம்மாவுக்கு என்ன தெரியும், நான் போடுறேன்’ என்று மகன் போடுவதும், மனைவிக்குப் பதில் கணவர் போடுவதும் செல்லாது. தேதியையும் அவரே எழுத வேண்டும். எழுதப் படிக்கத் தெரியாதவர் என்றால், ஆய்வுக் குழுவைச் சேராத ஒரு நடுநிலைச் சாட்சி, விளக்கம் சொல்வதிலிருந்து கைரேகை வைப்பது வரை கூடவே இருந்து அவரும் கையெழுத்திட வேண்டும். வார்டு நர்ஸைக் கடைசி நிமிடத்தில் கூப்பிட்டுக் கையெழுத்து வாங்குவது சாட்சியம் ஆகாது.

குழந்தைகளுக்குப் பெற்றோர் சம்மதம். ஏழு வயதுக்கு மேல் குழந்தையின் இசைவும் தேவை. பன்னிரண்டு வயதுவரை வாய்மொழியாக, அதற்கு மேல் எழுத்தில். இதுவரை மருந்தாக அங்கீகரிக்கப்படாத புதிய மூலக்கூறு மருந்துகளில், தங்கள் நலனைத் தாங்களே காத்துக்கொள்ள முடியாத பலவீன நிலையில் உள்ளவர்களைச் சேர்க்கும்போது சம்மதம் வாங்குவதை வீடியோவில் பதிய வேண்டும். எச்ஐவி, தொழுநோய் மருந்து ஆய்வுகளில் முகம் தெரியாமல் ஒலிப்பதிவு மட்டும்.

படிவத்தில் படிப்பு, தொழில், ஆண்டு வருமானம் கேட்டிருக்கும். வாரிசுதாரரின் பெயரும் முகவரியும் கேட்டிருக்கும். ‘ஏன், நான் செத்துவிடுவேன் என்கிறீர்களா’ என்று கோபப்பட்டு அதைக் காலியாக விடாதீர்கள். இழப்பீடு யாருக்குப் போக வேண்டும் என்பதற்கான இடம் அது. முழுப் பெயரையும் உறவையும் அடையாள அட்டையில் இருப்பதுபோலவே எழுதுங்கள்.

கையெழுத்தான படிவத்தின் பிரதியும் தகவல் படிவமும் அன்றைக்கே உங்கள் கைக்கு வர வேண்டும். ஒரு எச்சரிக்கை: ஆய்வுக்கென்று எந்த ரத்தப் பரிசோதனையும், ‘நாளைக்கு வெறும் வயிற்றில் வாங்க’ என்பதுகூட, கையெழுத்துக்கு முன்னால் நடக்கக் கூடாது. நடுவில் புதிய ஆபத்து தெரியவந்தால் படிவத்தைத் திருத்தி மறுபடி சம்மதம் கேட்பார்கள். ‘பழைய கையெழுத்துதான், இன்னொரு தடவை’ என்று நீட்டினால் எந்தப் பத்தி மாறியது என்று காட்டச் சொல்லுங்கள்.

படி 6: தேர்வுப் பரிசோதனை

கையெழுத்திட்டவர்கள் எல்லோரும் சேர்ந்துவிடுவதில்லை. சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் கிரியாட்டினின் அளவு கொஞ்சம் அதிகம், ஈசிஜியில் சின்ன மாற்றம், வயது ஒரு மாதம் தாண்டிவிட்டது என்று பலர் இங்கேயே கழிகிறார்கள். இது தோல்வி இல்லை. பெரும்பாலும் உங்கள் பாதுகாப்புக்குத்தான். சேர்ந்துவிட வேண்டும் என்பதற்காகப் பழைய மருந்தையோ, வலிப்பு வந்ததையோ, குடிப்பழக்கத்தையோ மறைப்பதுதான் ஆபத்து. வேறு ட்ரையலில் இருந்துகொண்டே இன்னொன்றில் சேர்வதும் அப்படியே.

பரிசோதனை ரிப்போர்ட்டுகளின் நகலைக் கேட்டு வாங்குங்கள். கழிக்கப்பட்டாலும், அவை உங்கள் வழக்கமான டாக்டருக்குப் பயன்படும்.

படி 7: ட்ரையல் ஓடும்போது

இங்கே நடக்கும் தவறுகள் பெரும்பாலும் சின்னச் சின்னவைதான்.

தீர்ந்த மாத்திரை அட்டையையும் மீந்த மாத்திரையையும் தூக்கிப் போடாமல் ஒவ்வொரு முறையும் கொண்டுபோக வேண்டும். எண்ணிப் பார்ப்பார்கள். நான்கு நாள் மறந்துவிட்டது என்றால் மறந்தேன் என்று சொல்லுங்கள்; திட்டமாட்டார்கள். வெட்கப்பட்டு நான்கு மாத்திரையைக் குப்பையில் போட்டால், எடுக்காத மருந்து வேலை செய்யவில்லை என்று கணக்கில் ஏறும். மறந்த டோஸை மறுநாள் இரட்டிப்பாக எடுக்கக் கூடாது.

குளிரில் வைக்கும் ஊசி என்றால் 2 முதல் 8 டிகிரி. ஃப்ரிட்ஜின் நடுத்தட்டு சரி. கதவுப்பக்கம் திறந்து மூடும்போது சூடாகிறது; ஃப்ரீசரை ஒட்டிய மேல்தட்டில் உறைந்துவிடும், உறைந்த ஊசி வீண். கரண்ட் பல மணி நேரம் போனால் நேரத்தைக் குறித்துவைத்து, போடுவதற்கு முன் அழைத்துக் கேளுங்கள்.

கஷாயம், லேகியம், நிலவேம்புக் குடிநீர், பக்கத்து வீட்டுக்காரர் கொடுத்த மூட்டுவலி மாத்திரை எல்லாவற்றையும் சொல்ல வேண்டும். ‘அது மருந்தில்லையே, மூலிகைதானே’ என்று விட்டுவிடுவதுதான் வழக்கமான பிழை. கல்லீரல் என்சைம் ஏறினால் காரணம் ஆய்வு மருந்தா கஷாயமா என்று தெரியாமல் மருந்தையே நிறுத்த வேண்டியிருக்கும். பம்பளிமாஸ் பழம்கூடச் சில மருந்துகளின் அளவை ரத்தத்தில் ஏற்றிவிடும்.

கருத்தடை பற்றிய பத்தியைக் கூச்சப்பட்டுத் தாண்டாதீர்கள். பல ஆய்வுகளில் ஆண்களுக்கும் அது பொருந்தும். கர்ப்பம் தரித்தால் அன்றைக்கே சொல்லுங்கள். மருந்தை நிறுத்துவார்கள், ஆனால் பிரசவம் வரை உங்களைத் தொடர்ந்து கவனிக்கும் பொறுப்பு அவர்களுக்கு உண்டு.

நீங்கள் ஆய்வில் இருப்பதைச் சொல்லும் ட்ரையல் அட்டையைப் பர்ஸில் வையுங்கள். சொந்த ஊரில் ராத்திரி இரண்டு மணிக்கு வேறு மருத்துவமனைக்குப் போனால், அங்கிருக்கும் டாக்டருக்கு அந்த அட்டை மட்டுமே நீங்கள் என்ன எடுக்கிறீர்கள் என்று சொல்லும்.

படி 8: ஏதாவது ஆகிவிட்டால்

வேறு எங்கே அட்மிட் ஆனாலும் ஆய்வு டாக்டருக்கு உடனே தகவல் போக வேண்டும். அவருக்கு 24 மணி நேரம்தான் கெடு: கடுமையான பாதக நிகழ்வைத் தெரிந்த 24 மணி நேரத்துக்குள் மருந்துக் கட்டுப்பாட்டாளர், ஸ்பான்சர், நெறிமுறைக் குழு மூவருக்கும் தெரிவிக்க வேண்டும். 14 நாளில் ஆய்வு டாக்டரும் ஸ்பான்சரும் தனித்தனியே காரண அறிக்கை தர வேண்டும். 30 நாளில் நெறிமுறைக் குழு தன் கருத்தை அனுப்ப வேண்டும். மரணம் என்றால் நிபுணர் குழு பார்த்து, 90 நாளுக்குள் கட்டுப்பாட்டாளர் உத்தரவிட வேண்டும். உத்தரவு கிடைத்த 30 நாளில் ஸ்பான்சர் பணம் தர வேண்டும்.

காயம் ஆய்வால் வந்ததா இல்லையா என்ற விவாதம் நடந்துகொண்டிருக்கும்போதே உங்களுக்கு இலவசச் சிகிச்சை உண்டு. ஆய்வுக்குச் சம்பந்தமில்லை என்று நிரூபணமாகும் வரை, அல்லது டாக்டர் தேவை என்று சொல்லும் வரை, எது முந்தியதோ அதுவரை. ‘முதலில் பில்லைக் கட்டுங்க, அப்புறம் பார்க்கலாம்’ என்பது விதி அல்ல.

இழப்பீட்டில் இரண்டு விஷயம் குழம்பிப்போகிறது. சிகிச்சை வேறு, இழப்பீடு வேறு. முன்னது எல்லாக் காயத்துக்கும், பின்னது ஆய்வால் வந்தது என்று முடிவானால் மட்டும். இரண்டாவது, மருந்து வேலை செய்யவில்லை என்பதற்காக மட்டும் இழப்பீடு கிடையாது. மருந்தின் பக்கவிளைவு, புரோட்டோகாலை மீறியது, அலட்சியம், தரவேண்டிய வழக்கமான சிகிச்சையைத் தராமல் விட்டது, ஆய்வுக்காகச் செய்த பரிசோதனையால் வந்த கேடு, கருவிலிருந்த குழந்தைக்கு வந்த பாதிப்பு ஆகியவை கணக்கில் வரும்.

மரணத்துக்கான தொகைக்குச் சூத்திரமே இருக்கிறது. அடிப்படைத் தொகை 8 லட்சம். அதை வயதுக்கான எண்ணால் பெருக்கி, நோயின் தீவிரத்துக்கான எண்ணால் பெருக்கி, 99.37ஆல் வகுக்க வேண்டும். வயது எண் 16 வயதுக்கு 228.54இல் தொடங்கி 65 வயதுக்கு 99.37 என்று இறங்கும். தீவிர எண் ஆரோக்கியமானவருக்கு 4, ஆறு மாதத்துக்கு மேல் பிழைக்க வாய்ப்பில்லாதவருக்கு 0.5. உதாரணத்துக்கு 45 வயது, நடுத்தர அபாயத்தில் இருந்த நோயாளி என்றால் வயது எண் 169.44, தீவிர எண் 2. தொகை ஏறக்குறைய 27 லட்சத்து 28 ஆயிரம். நோயாளி எவ்வளவு மோசமான நிலையில் சேர்ந்தாரோ அவ்வளவுக்குத் தொகை குறையும். இதனால்தான் சேரும் நாளில் உங்கள் நிலை என்னவென்று எழுதிய ரிப்போர்ட் நகல் உங்கள் கோப்பில் இருக்க வேண்டும் என்று சொல்கிறோம். 100 சதவீத நிரந்தர ஊனத்துக்கு, மரணத்துக்கான தொகையில் 90 சதவீதம்.

படி 9: பணக் கணக்கு

ஆய்வு மருந்தும் ஆய்வுக்கான டெஸ்டுகளும் இலவசம். ஏற்கெனவே எடுத்துவரும் சர்க்கரை மாத்திரை, ஆய்வுக்குச் சம்பந்தமில்லாத ஸ்கேன் உங்கள் செலவு. நடுவில் இருப்பவைதான் தகராறு: எப்படியும் எடுத்திருக்க வேண்டிய கீமோ, அதற்கான படுக்கைக் கட்டணம். இது யார் தலையில் என்பதைப் படிவத்தில் தேடிப் பாருங்கள். இல்லையென்றால் எழுத்தில் கேளுங்கள். பயணப்படி கிடைக்கும், சில இடங்களில் கூலியிழப்புக்கும் தருவார்கள். கடைசி வருகை வரை வந்தால்தான் மொத்தமாகத் தருவோம் என்று பிடித்துவைக்கக் கூடாது. வந்த வருகைகளுக்கு ஏற்பப் பிரித்துத் தர வேண்டும்.

மருத்துவக் காப்பீட்டு பாலிசிகளில் நிரூபணமாகாத சிகிச்சைகளுக்குப் பணம் தரமாட்டோம் என்ற விலக்கு வழக்கமாகவே உண்டு. ‘இன்சூரன்ஸ் பார்த்துக்கும்’ என்று யாராவது சொன்னால், ஸ்பான்சர் எடுத்த ட்ரையல் இன்சூரன்ஸா உங்கள் பாலிசியா என்று கேளுங்கள்.

படி 10: விலகுவதும் முடிவதும்

எப்போது வேண்டுமானாலும் விலகலாம், காரணம் சொல்ல வேண்டியதில்லை, வழக்கமான சிகிச்சை அதனால் நிற்காது. ஆனால் சொல்லாமல் கொள்ளாமல் நிறுத்தாதீர்கள். சில மருந்துகளைத் திடீரென்று விட்டால் நோய் திரும்பத் தாக்கும். டோஸைப் படிப்படியாகக் குறைக்க வேண்டும். கடைசியாக ஒரு பாதுகாப்புப் பரிசோதனைக்கு மட்டும் போய்வருவது உங்களுக்கே நல்லது. மருந்தை மட்டும் நிறுத்துவதா, பரிசோதனைகளையும் நிறுத்துவதா, சேமித்துவைத்த ரத்த மாதிரியையும் அழிக்கச் சொல்வதா என்று மூன்றையும் பிரித்துச் சொல்லலாம். அதுவரை சேர்ந்த தகவல்கள் மட்டும் கணக்கில் இருக்கும்.

ட்ரையல் முடிந்தபின் மருந்து தொடர்ந்து கிடைக்குமா? உங்களுக்கு அது பலனளித்திருந்து, வேறு மாற்று சிகிச்சையும் இல்லாமல், ஆய்வு டாக்டர் பரிந்துரைத்து, நெறிமுறைக் குழுவும் ஒப்புக்கொண்டால் ஸ்பான்சர் இலவசமாகத் தொடர்ந்து தர வேண்டும் என்று விதி சொல்கிறது. ஆனால் அந்தக் காலத்தில் வரும் பக்கவிளைவுகளுக்கு ஸ்பான்சர் பொறுப்பில்லை என்று எழுதிக் கொடுக்க வேண்டியிருக்கும். இந்தப் பேச்சை மருந்து தீரும் நாளில் தொடங்காதீர்கள். கடைசி வருகைக்கு இரண்டு மாதம் முன்பே டாக்டரிடம் எடுத்துவிடுங்கள், குழு கூடி முடிவெடுக்க நாளாகும்.

நீங்கள் எந்தப் பிரிவில் இருந்தீர்கள் என்பது உங்களுக்கு உடனே தெரியாது. எல்லா ஊர்களிலும் கடைசி நோயாளி முடித்து, தகவல்களைப் பூட்டியபிறகுதான் குறியீட்டைத் திறப்பார்கள். ஓராண்டு, இரண்டாண்டுகூட ஆகலாம். ஒருங்கிணைப்பாளர் அதற்குள் வேலை மாறிப் போயிருப்பார். ஆகவே கடைசி வருகையன்று உங்கள் ஆய்வு அடையாள எண், சிடிஆர்ஐ எண், துறையின் தொலைபேசி எண் மூன்றையும் கோப்பின் முதல் பக்கத்தில் எழுதிவைத்து, ‘முடிவு வந்ததும் எனக்குத் தெரிவிக்க வேண்டும்’ என்று எழுத்தில் கேட்டுவிட்டு வாருங்கள்.